தங்கபுஷ்பம் அத்தை பின்னிய பாலம்

தங்கபுஷ்பம் அத்தையின் பதினாறாம் நாள் காரியம். பூசை முடிந்துவிட்டது, சாம்பார் இன்னும் கொதிக்கவில்லை. பந்தலில் உட்கார்ந்து எல்லோரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு அவள் அப்பாவின் அக்கா. ஊருக்கு ஒயர்கூடைக்காரி. கிழிந்த சேலை கையில் கிடைத்தால் அது மிதியடியாகும். உடைந்த வளையல் வாசலில் தொங்கும் நிலைமாலையாகும். ஆனால் உயிரை வைத்திருந்தது பிளாஸ்டிக் ஒயரில்தான். மஞ்சளும் நீலமுமாக அவள் பின்னிய கூடை இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது.

அவளுடைய ஒரே மகள் ஆவுடை மதினி ஓர் ஓரமாக உட்கார்ந்து கத்தியால் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு வார்த்தை பேச்சில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள். அத்தனை உள்ளியும் சேர்ந்துகூட அவளை அழவைக்க முடியவில்லை. "இப்படியே உள்ள வச்சிருந்தா மனுசிக்கு என்னமும் ஆயிரும்" என்று பெண்கள் பயந்துபோயிருந்தார்கள்.

அவள் புருசன் குருவையா அண்ணன் நேர்மாறு. வாயைத் திறந்தால் மூட மாட்டார். திறந்தது உண்மைக்காக இருக்காது. அவர் துண்டை உதறி, மதினிக்குக் காது கேட்கிற தூரமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"எங்க அத்தை பின்னுன கூடையில ரசம் வாங்கிட்டு வரலாம், தெரியுமாவே?"

எதிரே கண்டக்டராயிருந்து ஓய்வு பெற்ற உலகநாதன். பாஸ் காட்டினாலும் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிற ஆள்.

"ஒயர்கூடையிலயா? சந்து சந்தாலா இருக்கும்?"

"அது மத்தவங்க பின்னுனா. எங்கத்தை முடிச்சுல காத்து நுழையாது. பக்கத்தூருக் கல்யாண வீட்டுல ஊத்துன ரசம், வீட்டுல வந்து தொறந்தா ஆவி பறக்குது. ஒரு சொட்டு குறையல."

"அடியில கசியலயா?"

"கசிய ரசத்துக்கு தைரியம் இருந்தாத்தான?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மதினி நிமிரவில்லை. அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஒருக்கா ஆள் உயரத்துக்கு ஒரு கூடை பின்னி முத்தத்துல வச்சிருந்தா. வீட்டுல ஆள் இல்லாத நேரம் ஒரு களவாணிப் பய, உள்ள என்ன இருக்குன்னு இறங்கிட்டான். சுத்திப் பாக்கான், பின்னல் டிசைனு. கண்ணு நீல ஒயரைப் பிடிச்சுக்கிட்டுப் போகுது, போகுது, எங்க முடியுதுன்னே தெரியல. அப்படியே சம்மணம் போட்டு உக்காந்துட்டான். போலீஸ்காரர் வந்து 'ஏறி வாலே'ங்காரு. அவன், 'இருங்க சார், இந்த நீலம் எங்க போகுதுன்னு பாத்துட்டு வந்திருதேன்'ங்கான்."

"வந்தானா?"

"எங்க வர? போலீஸ்காரரும் எட்டிப் பாத்து உள்ள இறங்கிட்டாருல்ல. சாயங்காலம் ரெண்டு பேரையும் அத்தைதான் தூக்கி வெளிய விட்டா."

"கூடை இப்ப எங்க இருக்கு?" என்றார் உலகநாதன்.

"கோர்ட்டுல. ஜட்ஜு இன்னும் பாத்துக்கிட்டு இருக்காரு."

பந்தல் குலுங்கியது. மதினியின் கத்தி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"இதென்ன பிரமாதம். எங்க கல்யாணத்தன்னைக்கு ஆத்துல வெள்ளம். பாலம் போயிட்டு. நான் மாலையும் கழுத்துமா அக்கரையில. முகூர்த்தம் தப்புனா இந்தப் பொண்ணே வேண்டாம்னு எங்கப்பா குதிக்காரு. இக்கரையில அத்தை ஒயர்க்கட்டை அவுத்தா. பின்ன ஆரம்பிச்சா பாருங்க! பின்னப் பின்னப் பாலம் தண்ணிக்கு மேல நீளுது. அவ அதுலயே நடந்துகிட்டுப் பின்னுதா. நட்டநடு ஆத்துல ஒயர் தீந்துபோச்சு."

"மாட்டிக்கிட்டாளா?"

"யாரு, எங்கத்தையா? பின்னால விட்டுட்டு வந்த பாலத்தை அவுத்து முன்னால பின்னிக்கிட்டே அக்கரைக்கு வந்தா. என்னை, எங்கப்பாவை, மேளக்காரங்களை எல்லாம் ஏத்தி, அதே மாதிரி இக்கரை கொண்டுவந்து சேத்தா."

"ஓய், ரெண்டு கரையிலயும் ஒட்டாம ஒரு பாலம் எப்படிவே நடுவுல நிக்கும்?"

"அத்தை முறைச்சா எங்க மாமனாரே அந்தரத்துல நிப்பாரு. பாலம் நிக்காதா?"

"உம்ம கல்யாணத்துக்கு நானும் வந்தேன். ஆத்துல கணுக்கால் தண்ணி இல்ல."

"நீரு பந்திக்குத்தான வந்தீரு? அதுக்குள்ள வெள்ளத்தை அத்தை கோரி ஊத்திட்டா!"

மதினியின் கத்தி நின்றது. அண்ணன் அதைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"கடைசி நாளு எமன் வந்தான். அத்தை பின்னிக்கிட்டு இருக்கா. 'கைப்பிடி மட்டும் போட்டுட்டு வந்திருதேன், உக்காரு தம்பி'ன்னா. சும்மா எதுக்கு உக்காந்திருக்கான்னு ஒயர் நுனியை அவன் கையில குடுத்தா. அப்பத்தான் அவன் பாசக்கயித்தைப் பாக்கா. நைஞ்சு நாராக் கிடக்கு. 'இதைத் தூக்கிக்கிட்டா ஊரு ஊராத் திரியுத? வெக்கமா இல்ல?'ன்னு மஞ்சள் நீலத்துல புதுசா ஒண்ணு பின்னிக் குடுத்தா. எருமைக்கும் ஒரு மூக்கணாங்கயிறு. எமன் அழுதுட்டான். 'தாயே, இத்தனை காலத்துல எனக்குன்னு ஒருத்தரும் ஒண்ணும் செஞ்சு தந்ததில்ல. நீங்க இங்கனயே இருங்க, நான் போறேன்'னான். அத்தைதான் கேக்கல. 'வழியில அது அவுந்துபோச்சுன்னா உனக்கு முடிச்சுப் போடத் தெரியுமா? நட, நானும் வாரேன்'னு அவளாக் கிளம்பிட்டா."

உலகநாதன் ஏதோ கேட்க வாயைத் திறந்தவர், மதினி பக்கம் திரும்பினார்.

மதினியின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் கிட்டே போகவில்லை. அழுது தீர்த்து, முந்தானையில் மூக்கைத் துடைத்து, புருசனை ஏற இறங்கப் பார்த்தாள். பதினாறு நாள் பேசாத குரல் கரகரவென்று வந்தது.

"எங்கம்மா கையில எது குடுத்தாலும் பின்னிருவா. புளுகு மட்டும் பின்னத் தெரியாது. ஆயுசுக்கும் ஒரே ஒரு புளுகுதான் சொன்னா. இவுக என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போன அன்னைக்கு, அடுப்படியில வந்து எங்கிட்ட சொன்னா."

"என்ன சொன்னா?" என்றார் உலகநாதன்.

"'மாப்பிள்ளை வாயில்லாப் பூச்சி'ன்னா."