மாதேவப்பா உட்கார்ந்த டிரம்

ராத்திரி பின்பக்கம் ‘டொப், டொப்’ என்று சத்தம். திருடன்தான் என்று குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையில் விளக்குமாறும் வாயில் கான்வென்ட் ஜெபமுமாகப் போனேன். ஜெபம் பாதியில் மறந்துவிட்டது. இஞ்சிக்கு ஊற்ற நானே வெல்லம் போட்டு ஊறவைத்த நுண்ணுயிர்க் கரைசல் நுரைத்துப் பொங்கி, டிரம் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. உயிரியலில் நான் தொண்ணூற்றெட்டு மார்க்.

காலையில் நிலக்காரர் மாதேவப்பா வந்தார். கிழங்கு அழுகாமலிருக்க அவர் மருமகன் கடை மருந்தைத்தான் ஊற்றவேண்டுமாம்.

“அது மண்ணுல இருக்கிற நல்ல உயிர்களையும் கொன்னுடும் ஐயா,” என்றேன்.

“உயிரா? கண்ணுல காட்டும்மா. காட்டலேன்னா இன்னைக்கே குத்தகையை விட்டுடு.”

டிரம் மூடியை நன்றாக இறுக்கி, மேலே துண்டை விரித்தேன்.

“உயிர் இல்லேன்னா வெறும் தண்ணி டிரம்தானே ஐயா. உட்காருங்க, டீ போடறேன்.”

உட்கார்ந்தால் அவர் பேச்சு நிற்காது. அவர் தாத்தா காடு திருத்திய கதை பாதி வருவதற்குள் டிரம் உறுமியது. அப்புறம் மூடியோடு ஐயாவையும் தூக்கிப் போட்டது. உச்சி முதல் வேட்டி வரை புளித்த பழுப்புக் கரைசல். அலறியது என்னவோ நான்தான்.

“காட்டிட்டேன் ஐயா,” என்றேன், மூச்சு வந்ததும்.

களையெடுக்கும் பெண்கள் பேசிச் சிரித்தபடி வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள்.

“குத்தகையை நீயே வெச்சுக்கோம்மா, மருந்தும் வேண்டாம். அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதே,” என்று என் வீட்டுக்குள் ஓடி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.