ஓட்டை விழுந்த விடைத்தாள்

"இந்தப் பிள்ளைய என்ன செய்யன்னே தெரியல தவமணி," என்றார் சகாயராணி டீச்சர்.

சகாயராணிக்கு மூன்றாம் வகுப்பு, இருபத்திரண்டு வருட சர்வீஸ். தவமணி அவரைவிடப் பத்து வயது இளையவர். மலையடிவாரத்தில் ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறவர். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் கிடையாது. அதனால் வட்டாரத்து ஆசிரியர்கள் அவருக்குச் சாமியாரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படிக் கேலி செய்தவர்கள்தான், மனசு சரியில்லை என்றால் சனிக்கிழமை பஸ் பிடித்து அவரிடம் போவார்கள்.

அன்றும் சனிக்கிழமை. தவமணி வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் கிழிந்த பாடப்புத்தகங்களை மைதாப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்.

சகாயராணி கைப்பையிலிருந்து மூன்று விடைத்தாள்களை எடுத்து வைத்தார். கேள்விக்கு நான்கு வட்டம். சரியானதைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். மாநிலம் முழுக்க ஒரே நாளில் நடக்கும் தேர்வுக்கு, வாராவாரம் வைத்த மாதிரித் தேர்வுகள் அவை.

மூன்று தாளிலும் ஓட்டை.

எழுதியவள் பிரம்மசக்தி, எட்டு வயது. விடையெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குவாள், சந்தேகம் வரும், அழிப்பாள், மறுபடி கறுப்பாக்குவாள். சகாயராணி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அழுத்துகிற அழுத்தில் தாள் கிழிந்துவிடும். கிழிந்த தாளை மார்க் போடும் மெஷின் எடுக்காது.

"வியாழக்கிழமை பரீட்சை. நல்லாப் படிக்கிற பிள்ளை, முட்டை வாங்கிரும்."

"சக்தி என்ன சொல்லுதா அக்கா?"

சகாயராணி தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். போன வாரத் தேர்வில் சக்தி பெஞ்சிலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை. வயிற்றுவலி என்கிறாள் அம்மா. இதைச் சொல்லி முடித்தபோது சகாயராணி தாள்களைப் பார்க்கவே இல்லை. தாளைப் பற்றிக் கேட்கத்தான் வந்தோம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தது பொய் என்று அவருக்கே தெரிந்தது.

தவமணி அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

"நானா இந்தப் பரீட்சையக் கொண்டுவந்தேன்? எம் பின்னால எச்.எம். நிக்காங்க. அவங்க பின்னால ஆபீசர் நிக்காரு. அவரு பின்னால யாரு நிக்காங்களோ."

"உங்களுக்கு முன்னால?"

"சக்தி."

"அவளுக்கு முன்னால?"

சகாயராணி யோசித்தார். "யாருமில்ல. தாள்தான்."

தவமணி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். கிழிந்த தாள் ஒன்றை எடுத்தார். பசை போட்டு ஒட்டித் தரப்போகிறாரோ என்று சகாயராணி பார்த்தார். தவமணி அதைக் கொண்டுபோய் முதல் பெஞ்சில் வைத்து, பக்கத்தில் ஒரு பென்சிலும் வைத்தார்.

"உக்காருங்கக்கா. ஒரு வட்டத்தக் கறுப்பாக்குங்க."

சகாயராணி சிரித்துவிட்டார். ஆனாலும் உட்கார்ந்தார். பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் நெஞ்சில் இடித்தது. கிழியாத ஒரு வட்டமாகப் பார்த்துக் கறுப்பாக்க ஆரம்பித்தார்.

தவமணி பின்னால் வந்து நின்றார். குனிந்தார். இன்னும் குனிந்தார். மைதா வாசனை மூக்கில் அடிக்கும் அளவுக்குக் கிட்டே வந்து, பென்சில் முனையையே பார்த்தார்.

பென்சில் கோட்டைத் தாண்டியது. சகாயராணி அழித்தார். மறுபடி அழுத்திப் போட்டார். முனை முறிந்தது.

"கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன் தவமணி."

சொன்ன பிறகு அவர் திரும்பவில்லை. முனை முறிந்த பென்சிலைத் தாளில் சக்தி போட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

தவமணி தரையில் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஒட்ட ஆரம்பித்தார். சகாயராணி கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டார்.

"பசை எப்படிக் காய்ச்சணும்னு தெரியும்லாக்கா?"

ஞாயிற்றுக்கிழமை சகாயராணி சக்தியின் வீட்டுக்குப் போனார். பரீட்சைப் பேச்சையே எடுக்கவில்லை. வகுப்பில் முப்பது புத்தகம் கிழிந்து கிடக்கிறது, ஒட்டுவதற்கு ஆள் இல்லை என்று மட்டும் சொன்னார். அவள் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை சக்தி வந்தாள்.

மூன்று நாளும் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய நேரத்தில் வகுப்பே உட்கார்ந்து புத்தகம் ஒட்டியது. எச்.எம். அம்மா வாசலில் வந்து நின்று, இதென்ன வேலை என்று கேட்டார். வருவது எனக்கு வரட்டும் டீச்சர் என்று சகாயராணி சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை தாள்களைக் கொடுத்ததும் கடைசி ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். ஜன்னல் திண்டில் பசைக் கிண்ணமும் மிச்சமிருந்த ஐந்து புத்தகங்களும் இருந்தன.

நடுவில் ஒருமுறை சக்தி தலையைத் திருப்பி அவரைத் தேடினாள். அவ்வளவு தூரத்தில் அவர் நிற்பதைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

மணி அடித்ததும் தாளை எடுத்துக்கொண்டு நேராக ஜன்னலுக்கு வந்தாள். தாளில் ஓட்டை இல்லை.

"டீச்சர், எட்டாவது கேள்விக்குத் தப்பாப் போட்டுட்டேன். பொறவுதான் தெரிஞ்சுது. அழிக்கல. இருக்கட்டுமா?"

சகாயராணி அவள் விரல்களைப் பார்த்தார். பென்சில் கறுப்பு அப்பியிருந்தது.

"இருக்கட்டும். கையக் கழுவிட்டு வா, பசை காஞ்சிரும்."