ஏற்றமேறிய தம்பிரான்

இக்கதையை நான் முதலில் கேட்டது 1979ஆம் ஆண்டு மாசி மாதத்தில், செய்யாற்றின் வடகரை ஊர் ஒன்றில், கிணறு வெட்டும் தொழிலாளி கன்னியப்பன் வாயிலாக. பின்னர் வேறு பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கன்னியப்பன் சொன்ன போக்கையே இங்குப் பின்பற்றுகிறேன். பிறர் சொல்லும் முடிவுகளை இறுதியில் குறிக்கிறேன்.

*

"சுவாமி, இந்த ஜனங்களுக்கு முன்னேற வேண்டும் என்கிற எண்ணமே கிடையாது."

சொன்னவர் அம்பலவாணத் தம்பிரான். மடத்து நிலபுலன்களை மேற்பார்க்கும் சீடர். தலை நரைக்கத் தொடங்கிய வயது. கோபம் மட்டும் இன்னும் நரைக்கவில்லை.

கேட்டவர் அவருடைய குருநாதர்.

"ஏன் அப்படிச் சொல்கிறீர்?"

"களஞ்சியம் காத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். வெளியூரில் தேடாமல், நம் கழனியில் பாடுபடுகிற ஒருவனுக்கே கொடுப்போம் என்று நான் நினைத்தது குற்றமா?"

"குற்றமில்லை."

"நெல்லளவும் எண்சுவடியும் கற்பிக்க ஏற்பாடு செய்தேன். காசு கேட்கவில்லை. குலம் கேட்கவில்லை. விடியற்காலையில் கூடத்துக் கதவை அகலத் திறந்து வைத்தேன். வந்தவர்கள் யார்? மணியக்காரர் மகன், செக்குக்காரர் மருமகன், இறந்துபோனவரின் மைத்துனன். ஏர் பிடிப்பவனோ ஏற்றம் இறைப்பவனோ ஒருவனும் இல்லை."

"ஒருவனுமா?"

"காத்தவராயன் என்று ஓர் ஏற்றக்காரன். 'என்னையும் சேத்துக்கோங்க சாமி' என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். முதல் நாள் வந்தான். பாதிப் பாடத்தில் எழுந்து ஓடினான். பிறகு தலைகாட்டவே இல்லை. ஆண்டு முழுதும் நெல், குடியிருக்க ஓட்டு வீடு, நிழலில் வேலை. இதையும் வேண்டாம் என்பவனை என்ன சொல்வது?"

"ஏன் ஓடினான் என்று கேட்டீரா?"

"கேட்க என்ன இருக்கிறது, சுவாமி? சோம்பல்."

குருநாதர் சொன்னார்:

"நாளை கடைசிப் பாடம். பாடம் முடிந்ததும் கூடத்தில் இருப்பவருள் ஒருவர் கையில் களஞ்சியச் சாவியைக் கொடுக்கப் போகிறேன். காத்தவராயன் வரட்டும். அவன் இடத்தில் நீர் ஏற்றம் ஏறும்."

"நானா?"

"நெடுநாளாக என்னிடம் ஓர் உபதேசம் கேட்டுக்கொண்டிருக்கிறீர். அதையும் நாளை அந்தக் கூடத்திலேயே சொல்கிறேன். கதவு அடைக்குமுன் வந்துவிடும்."

வாசற்படியில் வெயில் விழுந்ததும் கதவை அடைக்க வேண்டும் என்பது தம்பிரான் வகுத்த விதி. பாடத்தில் உறங்குபவரை நீக்கிவிட வேண்டும் என்பதும் அவர் வகுத்ததே.

*

மடத்துக் கிணறு கூடத்துக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில் இருந்தது.

தம்பிரான் போனபோது இன்னும் இருள் பிரியவில்லை. காத்தவராயன் ஏற்கெனவே ஏற்ற மரத்தின்மேல் நடந்துகொண்டிருந்தான். அவன் கிணற்றுப் பக்கம் நடந்தால் மரம் தாழ்ந்து, நீர் மொள்ளும் சால் கிணற்றில் முழுகியது. பின்பக்கம் நடந்தால் சால் நிறைந்து மேலே வந்தது. கிணற்று வாயில், குறுக்கே போட்ட பலகையில் நின்ற எல்லப்பன், சால் தொங்கும் கழியை அணைத்துப் பிடித்து, நீரைக் கால்வாயில் கவிழ்த்தான்.

"இன்னா சாமி, வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான் எல்லப்பன்.

"காத்தவராயா, இறங்கு. பாடத்துக்குப் போ. உன் வேலையை நான் பார்க்கிறேன்."

காத்தவராயன் இறங்கவில்லை. "விளையாடாதீங்க சாமி. விடிஞ்சா எனக்கு இதான் பொழப்பு."

"குருநாதர் உத்தரவு."

எல்லப்பன் சாலைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னான்: "எறங்குடா. இன்னிக்காவது போய்க் குந்து. சாமி வுழுந்தா தூக்கிக் கரையில போட நான் இருக்கேன்."

காத்தவராயன் இறங்கி, கால்வாயில் கால் கழுவினான். முகம் கழுவினான். வேட்டியை உதறிக் கட்டினான். கூடத்தை நோக்கி நடந்தவன், பொறுக்கமாட்டாமல் ஓடினான்.

தம்பிரான் ஏறினார்.

கைப்பிடிக்கு ஒரு மூங்கில் இருந்தது. காலடிக்கு மரத்தில் வெட்டிய பள்ளங்கள் இருந்தன. அந்தப் பள்ளங்கள் வேறொருவன் பாதத்துக்குத் தேய்ந்திருந்தன.

எல்லப்பன் ஏற்றப்பாட்டை எடுத்தான். அன்றைய பாட்டு அன்றே பிறந்தது.

"காவிகட்டி ஏறினாரு, காலு நடுங்குது,
கண்ட கெணறு அடிவயித்துல கலகலங்குது!"

தம்பிரானுக்குச் சிரிப்பும் வந்தது, மூச்சும் வாங்கியது.

*

கிழக்கு வெளுத்தது. வரப்பின்மேல் குருநாதர் வந்து நின்றார்.

"தம்பிரானே, உபதேசத்துக்கு நேரமாகிறது. வாரும்."

தம்பிரான் அப்போது மரத்தின் பின்நுனியில் நின்றார். சால் நிறைந்து கிணற்றுக்கு மேலே தொங்கியது. அவர் ஒரு காலை எடுத்தார்.

"சாமி!" என்று எல்லப்பன் அலறினான். "நீங்க எறங்கினா மரம் எகிறும். சாலோட சேந்து நானும் உள்ள போவேன்."

தம்பிரான் காலை மீண்டும் பள்ளத்தில் வைத்தார். குருநாதர் திரும்பிப் போய்விட்டார்.

எல்லப்பன் சாலைக் கவிழ்த்தான். மூச்சு வந்தபின் சொன்னான்: "அன்னிக்குக் காத்தவராயன் பாடத்துலேருந்து ஏன் ஓடியாந்தான் தெரியுமா? தன் மாமனாரை மரத்துல ஏத்திட்டு வந்திருந்தான். கெழவருக்குக் கால் ஆடிப்போச்சு. நான் போட்ட கூச்சல் கூடம் வரைக்கும் கேட்டுது."

"என்னிடம் சொல்லவில்லையே."

"நீங்க கேக்கலையே சாமி."

குருநாதர் மறுபடி வந்தார். "வாரும்."

இம்முறை சால் வெறுமையாக இருந்தது. தம்பிரான் இறங்கி, நிலத்தில் கால் ஊன்றினார்.

"எல்லப்பா, நான் போகலாம் அல்லவா?"

"போங்க சாமி. யாரு புடிச்சா?"

"நீ என்ன செய்வாய்?"

"குந்தி இருப்பேன். ஒத்தை ஆளா ஏத்தம் எறைக்க முடியாது. கடைக் கழனி நனையலன்னா இன்னிக்குக் கூலி கிடையாது. எனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. மடத்துச் சட்டம்."

"நான் போட்ட சட்டமா?"

"உங்களுக்கு முன்ன இருந்தவரு போட்டது. நீங்க எடுக்கல."

தம்பிரான் கூடத்தைப் பார்த்தார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே விளக்கு தெரிந்தது. அகலத் திறந்த கதவுதான். கடைக் கழனியைப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது.

திரும்ப ஏறினார்.

*

மூன்றாம் முறை குருநாதர் வரப்பு வரைக்கும் வரவில்லை. வாசற்படியில் நின்றே குரல் கொடுத்தார்.

"தம்பிரானே! உமக்கு விருப்பம் இல்லை போலிருக்கிறது."

"விருப்பமா?"

அந்தக் குரலைக் கேட்டு வரப்பில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

"விருப்பமில்லாமலா இத்தனை காலம் உங்கள் காலடியில் கிடந்தேன்? நான் இறங்கினால் இந்த மனிதன் கிணற்றில் விழுவான். விழாவிட்டால் பட்டினி கிடப்பான். அங்கே நின்றுகொண்டு வா, வா என்றால் எப்படி வருவது? கூப்பிடுகிறவருக்கு என்ன, வாய்தானே வலிக்கும்! இறங்குவதற்கு வழி சொல்லுங்கள், சுவாமி, வழி!"

"அப்டிக் கேளுங்க சாமி!" என்று கீழேயிருந்து எல்லப்பன் கூவினான்.

அப்போதுதான் தாம் சொன்னது தம்பிரானின் காதிலேயே விழுந்தது.

வெயில் வாசற்படியில் விழுந்தது. கதவை அடைத்தார்கள்.

எல்லப்பன் கழியை அசைக்காமல் காத்திருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நடங்க சாமி. தண்ணி இன்னும் போய்ச் சேரல."

*

கடைக் கழனி நனைந்தபோது தம்பிரானின் உள்ளங்கால்கள் கிழிந்திருந்தன. சேறும் வேர்வையுமாகக் கூடத்துக்கு நடந்தார். பாடம் முடிந்து கதவு திறந்திருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம்.

தூணில் சாய்ந்து காத்தவராயன் உறங்கிக்கொண்டிருந்தான்.

வாய் சற்றே திறந்திருந்தது. உள்ளங்கைகள் மேல்நோக்கிக் கிடந்தன. கன்றிப்போன கைகள்; உறக்கத்திலும் மூங்கிலைப் பிடித்தவாறே விரல்கள் வளைந்திருந்தன.

"உட்கார்ந்ததும் தூங்கிவிட்டான், தம்பிரான் சுவாமி!" என்றான் இறந்த களஞ்சியக்காரரின் மைத்துனன். "விதிப்படி நீக்க வேண்டியதுதானே?"

குருநாதர் கையில் சாவி இருந்தது. "உமது விதி, தம்பிரானே. எழுப்பி அனுப்பிவிடட்டுமா?"

"அவனைத் தொடாதீர்கள்!"

சிரிப்பு அடங்கியது. தம்பிரான் உறங்குபவனுக்கும் மற்றவர்களுக்கும் இடையே போய் நின்றார். சேற்று நீர் அவர் காவியிலிருந்து கூடத்துத் தரையில் சொட்டியது.

"என் கண் குருடு, சுவாமி. நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவரீருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இத்தனை காலம் ஏன் வாய் திறக்கவில்லை?"

தம் குருவிடம் அவர் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை.

குருநாதர் உறங்குபவனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல வேண்டும் என்று நாள்தோறும் நினைப்பேன், தம்பிரானே. இலையில் சோறு விழுந்ததும் மறந்துவிடும்."

*

கன்னியப்பன் கதையை இங்கே நிறுத்திவிடுவார். சாவி யாருக்குப் போயிற்று என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

மடங்களைச் சார்ந்தோர் சொல்லும் வடிவில், குருநாதர் உறங்குபவனின் கையிலேயே சாவியை வைக்கிறார். மறுநாள் முதல் பாடம் பிற்பகலுக்கு மாற்றப்படுகிறது. செங்கம் பக்கத்து நடவுப் பெண்கள் சொல்வதில், காத்தவராயன் விழித்ததும் சாவியைத் திருப்பித் தந்து, எல்லப்பனுக்கு வேறு துணை கிடைக்கும்வரை வரமாட்டேன் என்கிறான். துணை கிடைத்ததா என்று அவர்கள் சொல்வதில்லை.

ஏற்றம் இறைத்துப் பழகியவர்களிடம் நான் கேட்ட வடிவங்கள் மூன்று. மூன்றிலும் சாவி மைத்துனனுக்கே போகிறது. தம்பிரான் ஏற்றம் ஏறும் நிகழ்ச்சி அம்மூன்றிலும் இல்லை. அது ஏன் விடுபட்டது என்று அவர்களுள் ஒருவரைக் கேட்டேன்.

"கதைன்னாலும் நம்புற மாதிரி சொல்லணும் இல்லீங்களா?" என்றார்.