நான்கெல்லை

மலையடிவார மடத்துச் சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. காவி கட்டுவதற்கு முன்பு பத்திரம் எழுதிப் பிழைத்தவர். அவருடைய சீடர் நாச்சிமுத்துவுக்கோ அறுபத்திரண்டு வயது. மனை வாங்கி விற்பது தொழில். சாமி சொன்னார் என்பதற்காக வெங்காயம், பூண்டு இரண்டையும் விட்டுவிட்ட மனுஷன், விலையில் மட்டும் ஒரு ரூபாய் விடமாட்டார்.

ஒரு மத்தியானம் வந்து விழுந்து கும்பிட்டார்.

“எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க சாமி. பதினெட்டு வருசத்துக்கு முன்னால எம்பதாயிரத்துக்கு வாங்கின பத்து சென்டு, இன்னைக்கு அம்பது லட்சத்துக்குப் போகுதுங்க.”

“சந்தோசமுங்கண்ணா. அப்புறம் ஏன் மொகம் வாடிக் கெடக்குது?”

“வரிங்க சாமி. ஆறு லட்சத்துக்கு மேல வரும்னு ஆடிட்டர் சொல்றாரு. நெனச்சா வயிறு எரியுது.”

மனையைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ரெஜினா என்கிற நர்ஸ். பேங்க் லோனில் வாங்குகிறவள். முழு விலையும் பத்திரத்தில் ஏறினால்தான் அவளுக்கு லோன் கிடைக்கும். இன்னொருவர் ஜவுளிக்கடைக்காரர். பத்திரத்தில் பாதி, கையில் பாதி என்கிறார். காதும் காதும் வைத்த மாதிரி முடித்துக்கொண்டால் வரியும் பாதியாகும். சாயங்காலத்துக்குள் நாச்சிமுத்து ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாக வேண்டும்.

“அந்தப் புள்ளையப் பாத்தா பாவமாத்தான் இருக்குதுங்க. மூணு வருசமா எடம் தேடுது. ஆனா அரசாங்கத்துக்கு எதுக்குங்க குடுக்கோணும்? முள்ளு வெட்டுனது நானு. கல்லு நட்டது நானு. அவிங்க என்னங்க பண்ணுனாங்க?”

“பழைய பத்திரம் வெச்சிருக்கறீங்களா?”

மஞ்சப்பையிலிருந்து எடுத்தார்.

“நான்கெல்லைய மட்டும் படிங்க.”

நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “வண்டித்தடத்துக்குக் கிழக்கு, வேலங்காட்டுக்கு வடக்கு, பள்ளத்துக்கு மேற்கு, காளியப்பன் புஞ்சைக்குத் தெற்கு. இதன் மத்தியில் உள்ள பத்து சென்ட்.”

சாமி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பழைய தொழில் கைக்கு வந்துவிட்டது.

“இப்ப எழுதப் போற பத்திரத்துக்கு நான்கெல்லை சொல்லுங்க.”

நாச்சிமுத்துவுக்கா தெரியாது? மளமளவென்று ஆரம்பித்தார்.

“அறுபதடி தார் ரோட்டுக்குக் கிழக்கு.”

சாமி எழுதினார்.

“அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வடக்கு.”

எழுதினார்.

“குடிநீர்த் தொட்டிக்கு…” நாச்சிமுத்துவின் குரல் மெதுவானது. “மேற்குங்க.”

“தெற்கு பாக்கியிருக்குதுங்க.”

“ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெற்கு.”

அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“போன ஐப்பசியில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உளுந்தனுங்களே சாமி. மொத ஊசி அங்கதானுங்க போட்டாங்க. காசு வாங்கலீங்க.”

சாமி அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடினார்.

நாச்சிமுத்து போனை எடுத்தார். அந்தப் பக்கம் பத்திர எழுத்தர்.

“குமரேசா, அந்த நர்ஸம்மாவுக்கே முடிச்சிரு. ஆமா, அம்பதும் எழுது. அட, எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன், எழுதப்பா.”

போனை வைத்தபோது அவருக்குக் கண் நிறைந்திருந்தது. நெஞ்சும் நிறைந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“மடத்துக்குங்க. வேண்டாம்னு சொல்லிராதீங்க சாமி. உங்களாலதானுங்க அந்த மண்ணுக்கு வெல வந்துச்சு.”

சாமி கவரை வாங்கவில்லை. எழுதின தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை நிதானமாக ஒரு தடவை பார்த்தார்.

“நாலு பக்கமும் தேடிட்டேனுங்கண்ணா. எம் பேரு எங்கயும் இல்லீங்களே.”