சூடு ஆறுவதற்குள்

“குருவே, இந்த வண்டி என்னை ஏமாத்துது,” என்றார் சங்கரபாண்டியன்.

குருவின் பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்து நாலு. பாளையங்கோட்டையில் பைக் ஒர்க் ஷாப் வைத்திருப்பவள். சீடருக்கு அறுபத்தொன்று. தபாலாபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தன் பழைய வண்டியைத் தானே பழுது பார்க்கணும் என்று படிக்க வந்து சேர்ந்தார். படிப்பு அப்படியொன்றும் ஏறவில்லை. ஆனால் மனுஷர் தங்கமான மனுஷர்.

“என்ன பண்ணுது அண்ணாச்சி?”

“அரை மணி நேரம் ஓடும். பொசுக்குன்னு நின்னுரும். எத்தனை உதைச்சாலும் ஊஹூம். ஒரு மணி நேரம் கழிச்சு ஒரே உதையில கிளம்பிரும்.”

“சரி.”

“போன வாரம் நடு ரோட்டுல நின்னுட்டு. பின்னால பட்டுச்சேலையில எங்க வீட்ல. அவ தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. அன்னையிலேருந்து எங்கூடப் பேச்சே கிடையாது. எட்டு நாளாச்சு தாயி! அவ மறுபடி பின்னால ஏறி உக்காரணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஜெசிந்தா உதைத்தாள். ஒரே உதை, வண்டி கிளம்பிவிட்டது.

“மூணு தடவை கொண்டு வந்துட்டீங்க. மூணு தடவையும் நல்லாத்தான் ஓடுது. இங்க வாரதுக்கு முன்னால என்ன பண்ணுவீங்க?”

“கழுவுவேன்.”

“என்னது?”

“அழுக்கு வண்டிய எப்படி உங்ககிட்டக் கொண்டு வர? நல்லா ஆற விட்டு, கழுவி, தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு...”

ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

“நல்லாருக்கு போங்க! ஏறுங்க பின்னால.”

உச்சி வெயில். பைபாஸ் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டினாள். வண்டி நின்றது.

இறங்கினாள். பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் ஒட்ட வைத்தாள்.

“உதைங்க.”

உதைத்தார். பிளக்கில் பொறி இல்லை.

கைத்துண்டைத் தண்ணீரில் நனைத்து, டேங்குக்குக் கீழே இருந்த, பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயில்மேல் சுற்றினாள். இருவரும் புளிய மர நிழலில் பத்து நிமிஷம் நின்றார்கள்.

“இப்ப உதைங்க.”

நீலமாகப் பொறி வந்தது.

“காயில்தான்,” என்றாள். “சூட்டுல போயிருது. ஆறினா வந்துருது.”

கடைக்குத் திரும்பிப் புதுக் காயில் மாட்டினார்கள். மறுபடி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். நிற்கவே இல்லை. சங்கரபாண்டியனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“வீட்டுக்குப் போகலியா?” என்றாள்.

“இன்னைக்குக் காலையில பாத்திரத்த வச்ச சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு. அவ கோவம் ஆறட்டும். முப்பது வருசமா இப்படித்தான். அவ கோவப்பட்டா நான் நைசா வெளிய வந்துருவேன். ஆறினப்புறம் போய் என்னன்னு கேப்பேன். ஒண்ணுமில்லம்பா. அத்தோட சரி.”

சொல்லிக்கொண்டே ஸ்டூலில் உட்காரப் போனார். ஜெசிந்தா அதை இழுத்துப் போட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள்.

“இங்க இடமில்ல. கிளம்புங்க.”

“இப்பவா? கொதிச்சுக்கிட்டிருப்பாளே!”

“அதான். ஆறின வண்டியில கோளாறு தெரிஞ்சுதா?”

வீட்டில் அவர் மனைவி கோமதி அடுப்படியில் இருந்தாள். அவர் கிரீஸ் கையோடு வாசற்படியில் நின்றார்.

“என் மேல என்ன கோவம்?”

அவள் கரண்டியை டங்கென்று வைத்தாள்.

“வண்டி நின்னதுக்குன்னா நெனச்சீங்க? பழைய வண்டி, நிக்கத்தான் செய்யும். நின்னதும் குனிஞ்சீங்க. அதையே பாத்தீங்க. அந்த வெயில்ல நானும் நின்னேன். ஒரு தடவ நிமிந்து என்னையப் பாத்தீங்களா? நான் ஆட்டோ பிடிச்சுப் போனதாவது உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

தெரியவில்லைதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த மாதிரி இன்னும் இருக்கா?” என்று கேட்டார்.

“நெறைய இருக்கு,” என்றாள் கோமதி. “உக்காருங்க.”