முப்பத்தாறு கிராம் அட்டை

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கிறவள் செண்பகவல்லி. அங்கே தராசின் கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு முருகன் படம் இருந்தது. அதற்குத் திருநீறு பூசிவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவாள்.

புதிய துறைத்தலைவர் இளஞ்செழியன், "அளக்க முடியாதது எதுவும் உண்மையில்லை" என்று சின்ன அட்டையில் எழுதி வாசலில் மாட்டினார். மாணவர்கள் முன்னால் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உன் முருகன் உண்மைன்னா இந்தத் தராசுல நிறுத்துக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அந்தச் சம்பளத்தில்தான் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். செண்பகவல்லி வாசலுக்குப் போய் அட்டையைக் கழற்றி வந்து தராசில் வைத்தாள்.

"அட்டையும் மையும் முப்பத்தாறு கிராம் சார். இதுல எழுதியிருக்கிற உண்மையை மட்டும் தனியா நிறுத்துச் சொல்லுங்க. அதே மாதிரி நான் முருகனையும் நிறுத்துக் காட்டுறேன்."

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் அட்டையை எடுத்து மேசைக்குள் போட்டார்.

"சரி, போய் வேலையைப் பாரு. ஆனா திருநீறு கொட்டினா தராசு தப்பாக் காட்டும்மா."

"அது நியாயம் சார்" என்று சொல்லிப் படத்தை எடுத்தவள், அதை வாசலில் அட்டை தொங்கிய ஆணியிலேயே மாட்டினாள்.