காணாமல் போன மண்மேடு

குளத்துக்கு மேலே இருந்த சரிவில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டியது. தோண்டிய மண்ணை வாசலிலேயே மேடாகக் குவித்தது. கீழே, குளத்து மணலிலும் கரையோர வேர்களிலும் அயிரை மீன் முட்டையிட்டிருந்தது.

வானம் கறுத்ததும் அயிரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரைக்கும் தண்ணீருக்கும் போய் வருகிற நண்டைக் கூப்பிட்டது.

“மாமா, மழை பெஞ்சா அந்த மண்ணு பூரா இங்கதான் இறங்கும். என் முட்டையெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும். கொஞ்சம் போய்ச் சொல்லுங்க.”

நண்டு சரிவேறிப் போய்ச் சொன்னது. “அண்ணே, மழைக்கு முன்னாடி ஒரு கரை போட்டுடுங்க.”

“காட்டுப்பன்றி தோண்டினா கரை போடணும், சரி. அது பாதிக் காட்டையே புரட்டும். நான் தோண்டறது ஒரு பொந்து. இதுக்கெல்லாமா கரை?”

“பொந்து சின்னதுதான் அண்ணே. மழையும் சின்னதாப் பெய்யுமான்னு தெரியலையே.”

“சரி, போட்டுத் தொலைக்கிறேன்.”

போட்டது. கல் அடுக்கி, முள் வைத்து, நல்ல உறுதியான கரை. ஆனால் வளைக்கு மேல்பக்கம்.

நண்டு விழித்தது. “கரை மேல இருக்கே, அண்ணே?”

“தண்ணி எங்கேருந்து வருது?”

“மேலேருந்து.”

“அப்போ கரை எங்கே இருக்கணும்?”

பக்கவாட்டில் நடந்தே பழகிய நண்டுக்கு மேல் எது, கீழ் எது என்பதில் எப்போதுமே கொஞ்சம் குழப்பம். “நியாயமாத்தான் இருக்கு” என்று இறங்கி வந்து, “கரை போட்டாச்சு” என்று அயிரையிடம் சொல்லிவிட்டது.

மதியம் மழை கொட்டியது. தண்ணீர் கரையில் முட்டி இரண்டாகப் பிரிந்தது. வளையைச் சுற்றிக்கொண்டு வந்து, மண்மேட்டில் ஒன்றுசேர்ந்தது. உள்ளே முள்ளம்பன்றி நனையாமல் தூங்கியது.

சாயங்காலம் எழுந்து பார்த்தால் மேட்டைக் காணோம். வாசலை அடைக்க வைத்திருந்த மண். திருட்டுதான் என்று முடிவு செய்து, விசாரிக்கக் குளத்துக்கு இறங்கியது. அங்கே கொக்கு ஒற்றைக் காலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தது.

“என் மண்ணைக் காணோம்” என்றது முள்ளம்பன்றி.

“எனக்குத் தண்ணியையே காணோம்” என்றது கொக்கு. “காலைல தரை வரைக்கும் தெரிஞ்சுது. இப்போ என் காலே எனக்குத் தெரியலை.”

“ரெண்டும் ஒரே திருடனோ?” என்றது கரையில் இருந்த நண்டு.

“மண்ணைத் திருடறவனுக்குத் தண்ணி எதுக்கு?”

“குழைக்கறதுக்கா இருக்கும்.”

மூவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பேசிப் பேசித் தாகம் எடுத்த முள்ளம்பன்றி குனிந்து ஒரு வாய் குடித்தது. பல்லில் நறநறவென்றது. பல வாரம் பல்லால் கடித்துத் தோண்டிய மண், ருசி மறக்குமா?

“என் மண்ணு! கிடைச்சுடுச்சு!”

கலங்கலுக்குள்ளிருந்து அயிரையின் குரல் வந்தது. “உன் மண்ணு கிடைச்சுடுச்சு. மணல்ல இருந்த என் முட்டை எங்கே?”

முள்ளம்பன்றி நிமிர்ந்து சரிவைப் பார்த்தது. தன் வாசலிலிருந்து குளம் வரை செம்மண் கோடு ஒன்று இறங்கியிருந்தது.

“வேர்ல ஒட்டியிருந்தது மட்டும் கொஞ்சம் மிச்சம்” என்றது அயிரை. “வானம் மறுபடியும் இடிக்குது.”

முள்ளம்பன்றி மேலே ஓடியது. நண்டும் பின்னாலேயே ஏறியது. வளையிலிருந்து இன்னும் வெளியே தள்ள வேண்டிய மண் நிறைய இருந்தது. கற்களைப் பெயர்த்துக் கீழ்ப்பக்கம் உருட்டியது. ஒவ்வொரு கல்லுக்கும் அதற்குச் சந்தேகம்.

“கீழேதானே?”

“கீழேதான், அண்ணே.”

“தண்ணி மேலேருந்துதானே வருது?”

“வரட்டும். போகும்போது உங்க மண்ணைக் கூட்டிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.”

மழை வந்தது. மண் கரைக்குள் தங்கியது, தண்ணீர் மட்டும் கசிந்து இறங்கியது. வேரில் இருந்த முட்டைகள் பிழைத்தன. மணலில் இருந்தவை பிழைக்கவில்லை.

தோண்டுகிற குழி எவ்வளவு சின்னதானாலும், மழை நம் வீட்டுக்குள் வராமல் தடுத்தால் மட்டும் போதாது. நம் மண் அடுத்தவர் வீட்டுக்குள் போகாமலும் மழைக்கு முன்பே தடுக்க வேண்டும்.